பட்டறை கேள்வி பதில்: கோலெட் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பிண்டில அளந்து பாருங்க

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கோலெட் (கட்டரையோ ராடையோ சுத்தி நெருக்கிப் பிடிக்கற, வெட்டு விட்ட ஸ்பிரிங் குழல்) பத்தி தான், அதனால இந்தப் பகுதி முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். ஒரே விஷயத்த ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்து போட்டிருக்கேன்.

கேள்வி: சார், வீட்டுப் பட்டறையில ஒரு சின்ன லேத்தும் ஒரு பெஞ்ச் மில்லும் (கட்டர் சுத்தி சீவற மெஷின்) வச்சிருக்கேன். மில்லுக்கு ஈஆர்32 (ஈஆர்ங்கறது கோலெட் வகை, 32 அதோட சைஸ்) கோலெட் செட்டு வாங்கலாம்னு பாத்தா 15 மைக்ரான், 8 மைக்ரான், 5 மைக்ரான்னு மூணு தரத்துல விக்கிறாங்க, விலை மடங்கு மடங்கா ஏறுது. எத வாங்குறது? 18 பீஸும் வேணுமா?

பதில்: செட்ட கொஞ்சம் தள்ளி வைங்க, உங்க மில்லோட ஸ்பிண்டில (கட்டர சுத்துற அச்சு) அளந்து பாத்தீங்களா? அது தெரியாம இந்தக் கேள்விக்கு யாராலயும் உருப்படியா பதில் சொல்ல முடியாது. டப்பால போட்டிருக்கற 5 மைக்ரான் (மையம் தப்பி ஆடற அளவு, இத தான் அவுட்னு சொல்றோம், ஒரு மைக்ரான்னா மில்லியில ஆயிரத்துல ஒரு பங்கு) அந்த கோலெட்டுக்கு மட்டும் உள்ள கணக்கு, அதுவும் நேர்த்தியா கிரைண்ட் பண்ண ஹோல்டர்ல போட்டு அளந்தது. உங்க மெஷின்ல கட்டர் முனையில என்ன வரும்ங்கிறது ஸ்பிண்டில் பேரிங், ஸ்பிண்டிலுக்குள்ள இருக்கற டேப்பர் (கூம்பு மாதிரி சரிவு), அதுல போய் உக்கார்ற ஹோல்டர் (கோலெட்ட உள்ள வாங்கிக்கற பிடி), ஹோல்டருக்குள்ள இருக்கற 8 டிகிரி டேப்பர், நட்டு, கோலெட், கடைசியா கட்டரோட ஷாங்க் (பிடிக்கற தண்டு), இது எல்லாம் சேர்ந்து வர்ற கணக்கு. இதுல ஸ்பிண்டில் டேப்பரே 30 மைக்ரான் அவுட் அடிச்சா 5 மைக்ரான் கோலெட்டு வாங்கியும் ஒரு பிரயோஜனமும் இல்ல.

அளக்குறது கஷ்டமில்ல. 2 மைக்ரான் காட்டுற லீவர் டயல் (முனை துளி அசைஞ்சாலும் முள்ளுல காட்டுற கேஜ்) ஒண்ணு போதும், மேக்னடிக் ஸ்டாண்ட டேபிள்ல வச்சு, பவர ஆஃப் பண்ணிட்டு, கியர நியூட்ரல்ல போட்டு, ஸ்பிண்டில் உள் டேப்பர்ல லீவர் முனைய தொட வச்சு கையால மெதுவா சுத்துங்க. டேப்பர முதல்ல நல்லா துடைச்சிருக்கணும், துணி மட்டும் பத்தாது, கடைசியா விரல விட்டு ஒரு சுத்து தடவிப் பாருங்க, ஒட்டியிருக்கற சின்ன சீவல் கண்ணுக்கு தெரியாது ஆனா விரலுக்கு தெரியும். டயலோட லீவர் அளக்குற பரப்புக்கு கிட்டத்தட்ட இணையா படுத்திருக்கணும், ரொம்ப சரிஞ்சு நின்னா டயல் நிஜ அளவ காட்டாது. இதுல 5ல இருந்து 10 மைக்ரானுக்குள்ள வந்துச்சுன்னா வீட்டு மெஷினுக்கு ரொம்ப நல்ல ஸ்பிண்டில், தாராளமா நல்ல கோலெட்டுக்கு காசு போடலாம். 30, 40ன்னு வந்தா முதல்ல பேரிங் பிரீலோட (பேரிங் ஆடாம இருக்க குடுக்கற முன் இறுக்கம்) பாருங்க, ஸ்பிண்டில கையால பக்கவாட்டுல இழுத்து தள்ளிப் பாத்தா டயல் முள்ளு ஆடுதா இல்லையான்னு அப்பவே தெரிஞ்சிடும்.

18 பீஸ் பத்தி. ஈஆர்32 செட்டுல 3ல இருந்து 20 வரைக்கும் ஒவ்வொரு மில்லிக்கும் ஒண்ணு வரும். ஆனா எண்ட் மில் (முனையிலயும் பக்கத்துலயும் வெட்டுற கட்டர்) ஷாங்கு பெரும்பாலும் எந்த சைஸ்ல வருது? 3, 4, 6, 8, 10, 12, அதுக்கு மேல 16, 20. 7, 9, 11, 13, 15, 17, 19 எல்லாம் மில்லுல டப்பாலயே கிடக்கும், லேத்துல ராடு பிடிக்கவோ டிரில் பிடிக்கவோ வேணா வெளிய வரும். அதனால நான் சொல்றது, நீங்க உண்மையிலயே கட்டர் போடற நாலஞ்சு சைஸ மட்டும் நல்ல தரத்துல தனித்தனியா வாங்குங்க, மிச்ச சைஸுக்கு சாதாரண செட்டு போதும், அதுவும் தேவைப்படும்போது வாங்கலாம். அப்புறம் எல்லாரும் மறந்துடறது நட்டு. கோலெட்டுக்கு அவ்வளவு யோசிச்சிட்டு நட்ட மட்டும் கிடைச்சத போட்டுக்கிறாங்க, நட்டோட உள் முகம் த்ரெட்டுக்கு நேரா இல்லன்னா இறுக்கும்போது கோலெட்ட ஒரு பக்கமா சாய்ச்சு தள்ளும். கோலெட்ட விட ஹோல்டரும் நட்டும் தான் முதல்ல நல்லதா இருக்கணும்.

கேள்வி: 20 மைக்ரான் அவுட் எல்லாம் வீட்டு வேலைக்கு ஒரு விஷயமா அண்ணா? முடியோட தடிமன் கூட இல்லயே.

பதில்: 16 மி.மீ. கட்டர்ல பிளேட்ட முகம் சீவுறீங்கன்னா ஒரு விஷயமே இல்ல. ஆனா 3 மி.மீ. ரெண்டு பல்லு எண்ட் மில்ல எடுத்துக்குங்க, ஒரு பல்லுக்கு 0.02 மி.மீ. ஃபீடு (ஒவ்வொரு பல்லும் முன்னேறி சீவற அளவு) குடுக்கறீங்க. டயல்ல 20 மைக்ரான் அவுட் காட்டுச்சுன்னா மையம் 10 மைக்ரான் தள்ளி இருக்குன்னு அர்த்தம், அப்போ ஒரு பல்லு 10 மைக்ரான் வெளிய நிக்குது, எதிர் பல்லு 10 மைக்ரான் உள்ள நிக்குது, ரெண்டுக்கும் வித்தியாசம் 20 மைக்ரான், அதாவது நீங்க ஒரு பல்லுக்கு குடுத்த ஃபீடு மொத்தமும். அந்த அவுட் பல்லோட நேர்ல வந்து விழுந்துச்சுன்னா ஒரே பல்லு ரெண்டு பேரு வேலையும் செய்யுது, இன்னொண்ணு சும்மா உரசிக்கிட்டு சூடாகுது. கட்டர் சீக்கிரம் மழுங்குறதும் திடீர்னு ஒடியறதும் இதனால தான், அப்போ போய் கட்டர் மட்டம்னு கடைக்காரர திட்டுறோம். வெட்டுன ஸ்லாட்டும் 3 மி.மீ.க்கு பதிலா கொஞ்சம் அகலமா வரும். ரீமருக்கும் (ஓட்டைய சரியான அளவுக்கு சீவற டூல்) அதே கதை, ஓட்டை பெருசாயிடும். கட்டர் சின்னதாக ஆக அவுட்டோட பாதிப்பு பெருசாகும், நல்ல கோலெட்ல காச போடணும்னா சின்ன சைஸ்ல இருந்து ஆரம்பிங்க.

கேள்வி: ஸ்பிண்டில் டேப்பர்ல 6 மைக்ரான் தான் காட்டுது, ஆனா ஈஆர்25 ஹோல்டர்ல 10 மி.மீ. கோலெட் போட்டு டோவல் பின் (கிரைண்ட் பண்ண உருளைப் பின்) பிடிச்சு பாத்தா 40 மைக்ரான் அடிக்குது. 15 மைக்ரான்னு சொல்லி வாங்கினது. கோலெட்ட திருப்பி குடுத்துடலாமா?

பதில்: இருங்க, அவசரப்படாதீங்க. குற்றவாளி யாருன்னு இன்னும் தெரியல.

முதல்ல பின்ன பாருங்க. கடையில கிடைக்கற டோவல் பின்னு பெரும்பாலும் எம்6 டாலரன்ஸ் (அளவுல அனுமதிச்ச வித்தியாசம், எம்6 த்ரெட் இல்ல), 10 மி.மீ. பின்னுன்னா 6ல இருந்து 15 மைக்ரான் வரைக்கும் கூடுதலா தான் இருக்கும், பிரஸ் ஃபிட்டுக்காக (ஓட்டையில அழுத்தி இறுக்கமா ஏத்தறதுக்காக) செய்யறது அப்படி. ஈஆர் கோலெட்ட பேர் போட்ட சைஸுக்கு மேல பிடிக்க வைக்கவே கூடாது, அது சுருங்கறதுக்கு செஞ்சது, விரியறதுக்கு இல்ல. சோதனைக்கு நல்லது எச்6 கார்பைடு ராடு, 10 மி.மீ.ன்னா 0ல இருந்து மைனஸ் 9 மைக்ரான், கட்டர் ஷாங்குங்க செய்யற அதே டாலரன்ஸ், நேராவும் இருக்கும் தேயவும் தேயாது. பின் கேஜ் இருந்தா அதுவும் சரி.

அடுத்தது கோலெட்ட நட்டுல எப்படி போட்டீங்க? இதுல தான் நிறைய பேரு தவறுறாங்க. ஈஆர் நட்டுக்குள்ள மையத்துல இல்லாம ஒரு ஓரமா தள்ளி ஒரு வளையம் இருக்கும், கோலெட்ட சாய்ச்சு அந்த வளையம் கோலெட்டோட பள்ளத்துல போய் மாட்டுற மாதிரி அழுத்தி நிமித்தணும், டக்குனு ஒரு சத்தம் கேக்கும், கோலெட் நட்டுலயே தொங்கும், அதுக்கப்புறம் தான் ஹோல்டர்ல திருகணும். கோலெட்ட முதல்ல ஹோல்டர் ஓட்டையில போட்டுட்டு மேல நட்ட திருகுனா வளையம் கோலெட்டோட முகத்துல ஏறி உக்காந்து ஒரு பக்கமா அமுக்கும், அவுட்டும் அடிக்கும், கழட்டும்போது கோலெட் நட்டோட வராம உள்ளயே மாட்டிக்கும். நாளடைவுல கோலெட்டோட உதடே சிதைஞ்சு போகும்.

அது சரியா தான் போட்டேன்னா இப்படி பண்ணுங்க. பின்ன பிடிச்சு, கோலெட் வாய்க்கு பக்கத்துல ஒரு தடவ, வெளிய 25 மி.மீ. தள்ளி ஒரு தடவ அளந்து மேடு எந்தப் பக்கம் வருதுன்னு மார்க்கர்ல புள்ளி வைங்க, ஹோல்டர்லயும் கோலெட்லயும் பின்லயும் ஒரே நேர்ல கோடும் போட்டுக்குங்க. இப்போ நட்ட தளர்த்தி பின்ன மட்டும் பாதி சுத்து திருப்பி மறுபடி அளங்க, மேடு பின்னோட கோட்டோட சேர்ந்து போச்சுன்னா பின்னு வளைவு. போகலையா, கோலெட்ட பாதி சுத்து திருப்புங்க, மேடு அதோட போச்சுன்னா கோலெட்டு தான், தாராளமா திருப்பி குடுங்க. ரெண்டுக்கும் அசையாம ஹோல்டர் கோட்டோடயே நின்னுச்சுன்னா ஹோல்டர ஸ்பிண்டில்ல திருப்பிப் போட்டு பாருங்க, அப்போ ஹோல்டரா ஸ்பிண்டிலான்னு தெரிஞ்சிடும். பத்து நிமிஷ வேலை இது. வாய்கிட்ட கம்மியாவும் தள்ளி அதிகமாவும் வந்தா சாய்வு, பெரும்பாலும் அழுக்கு இல்லன்னா நட்டு. ரெண்டு எடத்துலயும் ஒரே அளவா வந்தா மையமே தள்ளியிருக்கு.

25 மி.மீ.ன்னு நான் சும்மா சொல்லல. ஈஆருக்கான டின் 6499ங்கற ஜெர்மன் தரத்துல அளக்குற தூரமும் சேர்த்து தான் குடுத்திருக்கு, 3ல இருந்து 6 மி.மீ. பின்னுக்கு 16 மி.மீ. தள்ளி, 6ல இருந்து 10க்கு 25 தள்ளி, 10ல இருந்து 18க்கு 40 தள்ளி. நீங்க 10 மி.மீ. பின்ன 50 தள்ளி அளந்துட்டு கம்பெனிகாரன் ஏமாத்திட்டான்னு சொன்னா அது நியாயமில்ல. அதே சமயம் விக்கிறவங்க தூரத்த சொல்லாம வெறும் மைக்ரான மட்டும் போட்டிருந்தா அந்த எண்ணுக்கு பெரிய மதிப்பு குடுக்காதீங்க.

இன்னொரு உபாயம், இது எனக்கு ரொம்ப பிடிச்சது. ஹோல்டர்ல 10 மைக்ரான் அவுட்டு, கோலெட்ல 10 மைக்ரான் அவுட்டுன்னு வைங்க, ரெண்டு மேடும் ஒரே பக்கம் சேர்ந்தா 20, எதிரெதிர் பக்கம் நின்னா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. கோலெட்ட நாலு நிலையில திருப்பிப் போட்டு எதுல கம்மியா வருதோ அங்க ரெண்டுலயும் புள்ளி வச்சுக்குங்க, அப்புறம் எப்போ மாட்டினாலும் புள்ளிக்கு புள்ளி. சாதாரண கோலெட்ட வச்சே நல்ல கோலெட்டு பலன் எடுக்கலாம்.

கேள்வி: ஈஆர்ல 16, 20, 25, 32, 40ன்னு இத்தன இருக்கே, சின்ன மில்லுக்கு எது?

பதில்: ஈஆர்16ல 10 மி.மீ. வரைக்கும், 20ல 13, 25ல 16, 32ல 20, 40ல 26 வரைக்கும் பிடிக்கலாம். நிறைய பேரு எதுக்கும் இருக்கட்டும்னு 32 வாங்குறாங்க, 3 மி.மீ. கட்டருக்கு அவ்வளவு பெரிய கோலெட் தேவையில்ல, நட்டே 50 மி.மீ. விட்டம், வைஸ் தாடைல இடிக்கும். சின்ன மில்லுக்கு ஈஆர்20 இல்லன்னா 25 சரியா இருக்கும்னு நினைக்கிறேன். லேத்துலயும் அதே கோலெட்ட பயன்படுத்தணும்னு ஆசை இருந்தா மட்டும் 32 போங்க, அங்க தடிமனான ராடு பிடிக்க அந்த 20 மி.மீ. தேவைப்படும்.

கேள்வி: 6.35 ஷாங்க் உள்ள கட்டர 6 மி.மீ. கோலெட்ல தட்டி ஏத்தலாமா, 7ல போடலாமா?

பதில்: 7ல போடுங்க. அது 7ல இருந்து 6 வரைக்கும் சுருங்கும். தட்டி ஏத்துற வேலையே வேணாம். ஆனா ஒண்ணு, கோலெட் தன்னோட முழு சைஸுக்கு பக்கத்துல பிடிக்கும்போது தான் அதோட பரப்பு முழுசா பொருந்தும், அரை மில்லிக்கு மேல சுருக்கினா பிடிப்பும் குறையும் நேர்த்தியும் குறையும். காலாங்குல ஷாங்க் நிறைய வச்சிருந்தா 6.35க்குன்னே வர்ற கோலெட் ஒண்ணு தனியா வாங்கிடுங்க.

கேள்வி: லேத்துக்கு 5சி (இன்னொரு கோலெட் வகை) நல்லதா ஈஆர் நல்லதா? மூணு தாடை சக்குல கழட்டி மாட்டினா ஜாப் (கடையற பீஸ்) மையம் தப்புது, அதுக்கு தான் கோலெட் போகலாம்னு இருக்கேன்.

பதில்: வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஒரே பிடியில, கழட்டாம, வெளி விட்டமும் உள் ஓட்டையும் முகமும் கடைஞ்சு முடிச்சு வெட்டி எடுத்தீங்கன்னா சக்கு எவ்வளவு அவுட் அடிச்சாலும் கடைஞ்ச எல்லாப் பரப்பும் ஒண்ணுக்கொண்ணு மையமா தான் இருக்கும், ஏன்னா எல்லாமே ஸ்பிண்டில் அச்ச வச்சு கடையுது. அதனால லேத்துல பாதி வேலைக்கு கோலெட்டோட துல்லியம் தேவையே இல்ல. கழட்டி திருப்பி மாட்டுற வேலை, ஏற்கனவே கிரைண்ட் பண்ண ஷாஃப்ட் மேல செய்யற வேலை, மெல்லிசான குழாய சக்கு நசுக்கிடுமோன்னு பயப்படுற வேலை, இதுக்கு தான் கோலெட்டு. சாதாரண மூணு தாடை சக்கு 50ல இருந்து 100 மைக்ரான் அவுட் அடிக்கறது சகஜம், நல்ல கோலெட் சக்கு 20க்குள்ள வந்துடும்.

5சி எனக்கு பிடிக்கும், பெரிய லேத்து இருந்தா. உள்ள ஸ்டாப்பர் வைக்கலாம், ஒரே நீளத்துல நிறைய பீஸு போடலாம், சதுரம் அறுகோணம் பிடிக்கற கோலெட் கிடைக்கும், மென்மையான இரும்புல செஞ்ச எமர்ஜென்சி கோலெட்ட வாங்கி உங்க ஜாபுக்கு ஏத்த மாதிரி உங்க ஸ்பிண்டில்லயே குடைஞ்சுக்கலாம், துல்லியத்துக்கு அதுக்கு மேல ஒண்ணு கிடையாது. ஆனா 5சி உடம்பே 31.75 மி.மீ., ஸ்பிண்டில் ஓட்டை அதவிட நல்லா பெருசா இருந்தா தான் ஸ்லீவ் போட்டு உள்ள இறக்க முடியும், 20 மி.மீ. ஓட்டை உள்ள சின்ன லேத்துல நடக்காது. முன்னாடி மாட்டுற 5சி சக்கு இருக்கு, அது ஜாப்ப பேரிங்ல இருந்து ரொம்ப தள்ளி வெளிய கொண்டு போயிடும். இன்னொரு பக்கம் 5சி ஒவ்வொண்ணும் பேர் போட்ட சைஸுல இருந்து சுமார் 0.1 மி.மீ. வித்தியாசம் வரைக்கும் தான் ஒழுங்கா பிடிக்கும், அதனால நிறைய கோலெட்டு சேரும். ஈஆர் ஒவ்வொண்ணும் 1 மி.மீ. சுருங்குது, சின்ன சைஸுங்கள்ல அரை மில்லி. சின்ன லேத்துக்கு பேக் பிளேட்ல (ஸ்பிண்டில் மூக்குல உக்கார்ற தட்டு) மாட்டுற ஈஆர்32 சக்கு தான் சரி, நடு ஓட்டை வழியா நீள ராடும் போகும்.

அத மாட்டும்போது பேக் பிளேட்டோட ரிஜிஸ்டர (சக்கு வந்து பொருந்தற மேட்டு வளையம்) ரொம்ப இறுக்கமா கடையாதீங்க. ஒரு 0.1, 0.15 மி.மீ. இடைவெளி விட்டு, போல்ட்ட லேசா பிடிக்க வச்சு, சக்கோட உள் டேப்பர்ல டயல வச்சு செம்பு சுத்தியலால தட்டி தட்டி 5 மைக்ரானுக்குள்ள கொண்டு வந்துட்டு இறுக்குங்க. முகம் மட்டும் முழுசா நேரா உக்காரணும், அத உங்க ஸ்பிண்டில்லயே மெல்லிசா ஒரு கட் எடுத்துட்டா கவலையில்ல.

கேள்வி: 5 மி.மீ. தடிமன் வளையத்த ஈஆர்ல பிடிச்சா வாயில இருந்து நழுவுது, முகம் கோணலா வருது.

பதில்: ஈஆருக்கு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வெட்டு இருக்கும், அது முழு நீளத்துக்கும் இணையா சுருங்கணும்னா உள்ள முழு நீளத்துக்கும் ஏதாவது இருக்கணும். வாயில மட்டும் பீஸ் இருந்தா பின் பக்கம் அதிகமா சுருங்கி வாய் புனல் மாதிரி விரியும். அதே விட்டத்துல ஒரு துண்டு ராட பின் பக்கம் போட்டு வைங்க, ஓரளவு சரியாகும். நிறைய பீஸு செய்யணும்னா ஈஆர விட்டுடுங்க, மூணு தாடை சக்குல சாஃப்ட் ஜா (பீஸுக்கு ஏத்தபடி குடைஞ்சுக்கற மென்மையான தாடை) போட்டு குடைஞ்சு பிடிக்கறது தான் வழி. கட்டருக்கும் இதே விதி, ஷாங்க் கோலெட் நீளத்துல மூணுல ரெண்டு பங்காவது உள்ள போயிருக்கணும்.

கேள்வி: அலுமினியத்துல ஆழமா வெட்டும்போது எண்ட் மில் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிடுது சார், பாக்கெட் அடி பள்ளமாயிடுச்சு. கோலெட் தேஞ்சு போச்சா?

பதில்: தேயாமலும் இது நடக்கும். சுருள் பல்லு கட்டர் வெட்டும்போது தன்னையே கீழ இழுக்கும், பிடிப்பு பத்தலன்னா வந்துடும். நீங்க எவ்வளவு இறுக்கறீங்க? சின்ன ஸ்பானர ஒரு கையால இழுத்துட்டு போதும்னு விட்டுடறோம், ஆனா ஈஆர்32 நட்டுக்கு தயாரிக்கறவங்க சொல்றது 100 நியூட்டன் மீட்டருக்கும் மேல, நாம நினைக்கறத விட ரொம்ப அதிகம். அதுக்காக பைப்ப மாட்டி தொங்காதீங்க, உங்க கோலெட்டுக்கு சொல்லியிருக்கற டார்க்க பாத்து, ஹோல்டர தனியா ஒரு பிடியில வச்சு இறுக்குங்க, ஸ்பிண்டில்ல வச்சு இழுத்தா பேரிங்குக்கு நல்லதில்ல. பேரிங் வச்ச நட்டு கிடைக்குது, அதுல உராய்வு கம்மி, அதே பலத்துக்கு பிடிப்பு கூடும்.

எண்ணெய் எங்க இருக்கலாம் எங்க இருக்கக் கூடாதுங்கறதும் முக்கியம். நட்டு த்ரெட்டுல ஒரு துளி இருக்கலாம். கோலெட் உள் ஓட்டையும் ஷாங்கும் வறட்டு வறட்டுனு இருக்கணும், வெள்ள துணியில துடைச்சா கறை வரக் கூடாது. கூலண்ட் காஞ்ச பிசுக்கு அந்த வெட்டு இடுக்குகள்ல தான் ஒளிஞ்சிருக்கும், ஒரு மெல்லிசான பிரஷ்ஷ ஒவ்வொரு வெட்டுலயும் விட்டு எடுங்க. கோலெட் வெளி டேப்பர்ல காப்பி நிறத்துல திட்டு திட்டா கறை தெரிஞ்சா அது இறுக்கம் பத்தாம உள்ள நுணுக்கமா அசைஞ்சதோட தடம். வாய் பக்கம் உள் ஓட்டை பெருசாயிருந்தா, வெட்டு முடியற எடத்துல விரிசல் இருந்தா, அந்த கோலெட்ட தூக்கிப் போடுங்க, அது ஸ்பிரிங் ஸ்டீல் தான், காலத்துக்கும் வராது.

ரொம்ப முரட்டு வெட்டுக்கு கோலெட்டே வேணாம், ஷாங்குல தட்டை வெட்டு உள்ள கட்டர வாங்கி பக்கவாட்டு ஸ்குரூ போட்ட ஹோல்டர்ல மாட்டுங்க. ஸ்குரூ ஒரு பக்கமா தள்றதால கொஞ்சம் அவுட் வரும், ஆனா கட்டர் இறங்காது, முரட்டு வெட்டுக்கு அது தான் முக்கியம்.

கேள்வி: எம்டி3 (மோர்ஸ் டேப்பர் 3) ஸ்பிண்டில் மில்லு. நேரா எம்டி3 கோலெட் போடறதா, எம்டி3 ஷாங்க் உள்ள ஈஆர் சக்கு போடறதா?

பதில்: துல்லியத்த மட்டும் கேட்டீங்கன்னா நேரா எம்டி3 கோலெட். நடுவுல ஹோல்டர் இல்ல, நட்டு இல்ல, அவுட் சேர்றதுக்கு எடமே கம்மி, கட்டரும் ஸ்பிண்டில் மூக்குக்கு ஒட்டுன மாதிரி நிக்கறதால அதிர்வும் குறையும், சின்ன மெஷின்ல இது கண்ணுக்கு தெரியற வித்தியாசம். ஆனா மோர்ஸ் டேப்பர் தானா பிடிச்சுக்கும், கட்டர் மாத்தணும்னா ட்ராபார (கோலெட்ட மேல இருந்து இழுத்துப் பிடிக்கற நீள போல்ட்டு) தளர்த்திட்டு மேல இருந்து தட்டணும், தினமும் தட்டுறது பேரிங் மேல தான் விழுது. பிடிக்கற வீச்சும் ரொம்ப குறைவு, சைஸுக்கு ஒண்ணு வேணும். ஆர்8ங்கற வேற டேப்பர் உள்ள ஸ்பிண்டில் வச்சிருக்கறவங்களுக்கு இந்த தொல்லை குறைவு, அந்த டேப்பர் கோணம் அகலம், லேசா தட்டினாலே விட்டுடும். என் யோசனை, அதிகமா ஓடற 6, 10, 12க்கு மட்டும் எம்டி3 கோலெட் மூணு வாங்குங்க, மிச்சத்துக்கு ஈஆர் சக்கு.

கேள்வி: லேத்துக்கு ஈஆர்32 சக்க நானே கடைஞ்சுக்கலாமா? துல்லியம் வருமா?

பதில்: தாராளமா, வாங்குறத விட நல்லாவே வரும், ஏன்னா டேப்பர உங்க ஸ்பிண்டில்லயே மாட்டி அங்கயே குடையறீங்க, பேக் பிளேட் மாட்டுற தப்பு, ரிஜிஸ்டர் தப்பு எல்லாம் அதுலயே அழிஞ்சு போகுது. நட்ட மட்டும் வாங்கிடுங்க, அந்த ஓரம் தள்ளுன வளையத்த வீட்ல செய்யறது வேண்டாத வேலை. ஈஆர்32 நட்டு த்ரெட் எம்40, பிட்ச் 1.5. ஈஆர்25ன்னா எம்32, அதே பிட்ச்.

கவனம் எல்லாம் கோணத்துல வைங்க. ஒரு பக்கத்துக்கு 8 டிகிரி, கம்பௌண்ட் ஸ்லைடுல (கோணத்துல திருப்பி வைக்கற டூல் ஸ்லைடு) இருக்கற கோட்ட பாத்து வச்சா அது பத்தாது. நேரான டெஸ்ட் பார் ஒண்ண அவுட் இல்லாம மாட்டி, கம்பௌண்டுல டயல் கேஜ பொருத்தி முனைய பாரோட பக்கத்துல மைய உயரத்துல தொட வச்சு, கம்பௌண்ட 25 மி.மீ. நகர்த்துங்க, டயல் 3.48 மி.மீ. மாறணும். மாறுற வரைக்கும் கோணத்த லேசா தட்டி தட்டி திருத்துங்க. அப்புறம் கம்பௌண்ட தொடாதீங்க, த்ரெட்ட முதல்லயே வெட்டி முடிச்சு வச்சிருக்கணும். குடையற டூல் முனை சரியா மைய உயரத்துல இருக்கணும், ஏறியோ இறங்கியோ இருந்தா டேப்பர் நேர்கோடா வராம லேசா வளையும். கடைசி ரெண்டு கட் மெல்லிசா, கம்பௌண்ட ஒரே சீரா கையால சுத்தி எடுங்க. ப்ருஷ்யன் ப்ளூவ (பரப்பு எங்க ஒட்டுதுன்னு காட்டுற நீல மை) மெல்லிசா கோலெட் மேல தடவி, உள்ள ராடு ஒண்ண பிடிக்க வச்சு அழுத்தி கால் சுத்து திருப்பி எடுங்க, நீலம் முழு நீளத்துக்கும் ஒட்டியிருந்தா முடிஞ்சுது, வாயில மட்டும் ஒட்டியிருந்தாலோ அடியில மட்டும் ஒட்டியிருந்தாலோ கோணம் இன்னும் வரல. பேக் பிளேட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவுல ஒரு அடையாளக் கோடு வெட்டி வச்சிடுங்க, கழட்டி மாட்டும்போது அதே நிலையில தான் மாட்டணும்.

கேள்வி: டிரில்ல கோலெட்ல பிடிக்கலாமா? 1 மி.மீ. டிரில் ஒடிஞ்சுக்கிட்டே இருக்கு.

பதில்: பிடிக்கலாம், சின்ன டிரில்லுக்கு சாவி போட்ட டிரில் சக்க விட கோலெட் ரொம்பவே மேல். ஆனா ஈஆர்32ல 1 மி.மீ. பிடிக்க முடியாது, அது 2ல இருந்து தான் ஆரம்பிக்குது, ஈஆர்11 இல்லன்னா 16 வேணும், 11 அரை மில்லி வரைக்கும் பிடிக்கும். முதல்ல டிரில் ஷாங்க விரல்ல உருட்டிப் பாருங்க, முன்னாடி டிரில் சக்குல வழுக்கி சுத்தியிருந்தா சுத்தி வரைக்கும் பிசிறு எழும்பியிருக்கும், அதோட கோலெட்ல போட்டா நேராவும் நிக்காது கோலெட்டோட உள்ளயும் தழும்பு விழும். எண்ணெக்கல்லுல தேய்ச்சு எடுத்துட்டு போடுங்க. டிரில் ஷாங்கு பேர் போட்ட சைஸ விட கொஞ்சம் கம்மியா தான் இருக்கும், 3 மி.மீ. ஷாங்க் உள்ள கார்பைடு டிரில்லா வாங்கினீங்கன்னா எல்லா சின்ன சைஸுக்கும் ஒரே நல்ல 3 மி.மீ. கோலெட் போதும், டயல்ல ஒரு தடவ பாத்து புள்ளி வச்சு வச்சிட்டா ஒவ்வொரு டிரில்லுக்கும் மறுபடி பாடுபட வேணாம். ஆனா கார்பைடு அவுட்ட துளியும் பொறுக்காது, ஸ்பிண்டில் 10 மைக்ரானுக்கு மேல அடிச்சா எச்எஸ்எஸ்லயே (ஹை ஸ்பீட் ஸ்டீல்) இருங்க, ஸ்பீட கூட்டி, குத்திக் குத்தி எடுத்து சீவல வெளிய விடுங்க.